எட்டு வருஷக் கோட்டையும் மூணு பாட்டில் தண்ணியும்

காணைன்னு ஒரு ஊர். விழுப்புரத்துல டவுன் பஸ் ஏறினா, பக்கத்து சீட் பெரியவர் "எந்த ஊருப்பா, யாரு வூட்டுப் புள்ள?"ன்னு விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துடும். அங்கதான் நம்ம ஜாகை. ஏரி இருக்கு, நெல்லு இருக்கு, கரும்பு இருக்கு, சவுக்குத் தோப்பு இருக்கு. சொல்லிக்கிற மாதிரி மலை மட்டும் இல்லை. அதனாலயோ என்னவோ, மலைன்னா எனக்கு பஸ் ஜன்னல்ல பின்னாடி ஓடுற ஒரு சமாசாரம். அவ்வளவுதான்.

இந்தப் பத்திரிகையில மாணவ நிருபரா சேர்ந்த புதுசுல, "உங்க ஊர்ப் பக்கம் காலையில போயிட்டு சாயந்தரம் திரும்புற மாதிரி ஒரு மலையேற்றம் எழுதேன்"னாங்க. ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் ஏற்கெனவே எழுதியாச்சாம். "செஞ்சிக்கோட்டை எழுதறேன்"னு கெத்தா சொல்லிட்டேன். அப்புறம்தான் உறைச்சது... இருபது வருஷமா விழுப்புரம் மாவட்டத்துலயே குப்பை கொட்டுறேன், ஒரு தடவைகூட செஞ்சி மலை ஏறினதில்லை!

உடனே நம்ம கேங்கைக் கூட்டினேன். எல்லாரும் சிவில், மூணாம் வருஷம். நிஜப் பேரைப் போட்டா கிளாஸ்ல உதைப்பானுங்க. அதனால பட்டப்பேர் மட்டும்.

கூகுள்: எதைக் கேட்டாலும் பதில் வெச்சிருப்பான். கேக்கலைன்னாலும் வெச்சிருப்பான்.

கேப்டன்: ஜிம் பாடி. படி ஏறும்போது ரெண்டு ரெண்டா தாவுறவன்.

ஹவாய்: கல்யாணமோ கான்வகேஷனோ, ஹவாய் செருப்புதான்.

சைலன்ட்: ஹாஸ்டல் பையன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். எங்க நாலு பேர் ரெக்கார்டு நோட்டுலயும் படம் வரையறது அவன்தான்.

அஞ்சாவது ஆள் அடியேன்.

800 அடிதானே... ஜுஜுபி!

மார்ச் மாசத்து சனிக்கிழமை. விழுப்புரத்துல செஞ்சி பஸ்ஸைப் பிடிச்சு, செஞ்சியில இறங்கி, திருவண்ணாமலை ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ. இறங்கி அண்ணாந்து பார்த்தா... யாரோ ஒரு பிரம்மாண்டமான குழந்தை கூழாங்கல்லை அடுக்கி விளையாடிட்டுப் பாதியில எழுந்து போன மாதிரி நிக்குது மலை.

"யாரும் அடுக்கலடா" என்று ஆரம்பித்தான் கூகுள். "இது கிரானைட். கிட்டத்தட்ட 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கு அடியில உறைஞ்சது. மேல இருந்ததெல்லாம் கரைஞ்சு போனதும் வெளியில வந்துச்சு. பாறையில இருந்த விரிசல் வழியா மழைத்தண்ணி இறங்கி, மூலையெல்லாம் மொதல்ல அரிச்சு, கட்டம் கட்டமா இருந்தது உருண்டையாயிடுச்சு." இன்ஜினீயரிங் ஜியாலஜி பேப்பர்ல மட்டும் அவன் எப்படிப் பாஸ் பண்ணினான்னு அன்னிக்குத்தான் புரிந்தது.

செஞ்சிக்கோட்டை ஒரு மலை இல்லை, மூணு மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூணையும் முக்கோணமா இணைச்சு மதில் ஓடுது. மதிலோட நீளம் சுமார் 13 கிலோமீட்டர். உள்ளே அடங்குற இடம் சுமார் 11 சதுர கிலோமீட்டர். மூணுல உசரம் ராஜகிரி. 800 அடி, அதாவது கிட்டத்தட்ட 240 மீட்டர்.

"800 அடிதானே? ஜுஜுபி!" என்றான் கேப்டன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாடிக்கு மூணு மீட்டர்னு வெச்சா, 80 மாடி. லிஃப்ட் கிடையாது. கரன்ட் இருந்தாலும் கிடையாது!

இன்னொரு கணக்கும் போட்டேன். 60 கிலோ ஆசாமி 240 மீட்டர் ஏற எவ்வளவு எனர்ஜி வேணும்? எம்-ஜி-ஹெச். சுமார் 141 கிலோ ஜூல். நம்ம உடம்பு ஒண்ணும் பெரிய எஃபிஷியன்ட் மெஷின் இல்லை. அஞ்சு பங்கு சாப்பாட்டை எரிச்சா ஒரு பங்குதான் வேலைக்குப் போகும், மிச்சம் சூடாயிடும். அந்த லெக்கத்துல பார்த்தாலும் நூத்தைம்பது கலோரி சொச்சம். மூணு நாலு இட்லி! மிச்ச சூட்டை வெளியே தள்ள ஒரு டம்ளர் வேர்வை போதும். "பாத்தியா, ஜுஜுபிதான்"னு நானும் சொல்லிட்டேன்.

இந்தக் கணக்குல வெயில் இல்லை. சுட்ட கிரானைட் இல்லை. காலையில இட்லி சாப்பிடாத ஆள் இல்லை. எக்ஸாம்ல 'அஸ்யூம்'னு எழுதிட்டு விட்டுடுவோமே, அந்த மாதிரி எல்லாத்தையும் விட்டுட்டேன். மார்க் எங்கே போச்சுங்கறதுதான் மீதிக் கதை.

கோட்டையில் ஒரு நட்புக் கதை

டிக்கெட் எடுத்து உள்ளே போனதுமே நேரம் பறந்தது. கல்யாண மகால் முன்னாடியே அரை மணி நேரம் போட்டோ. மேலே போகப் போகச் சின்னதாகிக்கிட்டே போகிற அடுக்கு மாடி. சும்மா அழகுக்கு இல்லை பாஸ், வெளியே இருந்த நீர்த்தேக்கத்துலேர்ந்து மண்குழாய் வழியா மேல் மாடிகளுக்குத் தண்ணி ஏத்தியிருக்காங்க. மோட்டார் இல்லாத காலத்துல! எங்க ஹாஸ்டல்ல மூணாவது மாடிக்கு இன்னிக்கும் தண்ணி ஏறாது.

பக்கத்துலயே களஞ்சியம், குளம், குதிரை லாயம். இதெல்லாம் எதுக்குன்னா, முற்றுகைக்கு. 1677-ல் இந்தக் கோட்டையைப் பிடிச்சு மதிலைப் பலப்படுத்தினவர் சத்ரபதி சிவாஜி. அவரோட மகன் ராஜாராம் முகலாயர் கையில சிக்காம தெற்கே தப்பி வந்து, இங்கேதான் உட்கார்ந்தார். ஔரங்கசீப்போட தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் வந்து கோட்டையைச் சுத்தி வளைச்சார். எப்போ பிடிச்சார் தெரியுமா? 1698-ல். எட்டு வருஷம்! அதுக்குள்ள ராஜாராம் எஸ்கேப். வெள்ளைக்காரன் 'கிழக்கின் ட்ராய்'னு பேர் வெச்சது சும்மா இல்லை. 2025 ஜூலையில யுனெஸ்கோ, மராட்டியர் ராணுவக் கோட்டைகள்னு 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்ப, பதினொண்ணு மகாராஷ்டிராவுல இருந்துச்சு. பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. (காலரைத் தூக்கி விட்டுக்கறேன்!)

"தேசிங்கு ராஜா கதை தெரியுமாடா?" என்று அடுத்த ரீலைப் போட்டான் கூகுள். தேஜ் சிங் என்பது நிஜப் பேர். நம்ம ஜனங்க வாயில தேசிங்கு ஆயிட்டார். 1714-ல் ஆற்காட்டு நவாபோட பெரும்படை வந்தப்ப, கைவசம் இருந்த கொஞ்ச ஆட்களோட எதிர்த்துப் போய் செத்தவர். வயசு 22. எங்களைவிட ரெண்டே வயசு பெரியவர். அவருக்கு முகமது கான்னு உயிர் நண்பன். தெருக்கூத்துலயும் கதைப்பாட்டுலயும் சொல்றபடி, அவருக்கு அன்னிக்குக் கல்யாணம். சேதி வந்ததும் மணப்பந்தல்லேர்ந்து எழுந்து, நேரா நண்பன் பக்கத்துல போய் நின்னு, அவரும் அதே சண்டையில உயிரை விட்டார்.

"நட்புன்னா இதுதான்டா!" என்று கத்தினான் கேப்டன். அஞ்சு பேரும் கைமேல கை வெச்சு செல்ஃபி எடுத்துக்கிட்டோம். சைலன்ட் ஓரத்துல, பாதி முகம் ஃபிரேமுக்கு வெளியில நின்னான்.

மணி பத்தரை. அப்போதான் படியில கால் வெச்சோம். வெயிலுக்கு முன்னாடி ஏறி இறங்கிடணும்னு போட்ட திட்டம் போயே போச்சு.

"நீங்க போங்கடா, நான் இங்கயே இருக்கேன்"

ஆரம்பத்துல மரநிழல் உண்டு. படிகளும் பரவாயில்லை. போகப் போகப் படி நம்ம சொன்ன பேச்சு கேக்காது. ஒண்ணு அரை அடி, அடுத்தது ஒண்ணரை அடி. வீட்டு மாடிப்படியில ஒரே அளவா இருக்கறதால காலு தன்பாட்டுக்கு ஏறும். இங்கே ஒவ்வொரு படிக்கும் மூளை வேலை செய்யணும். எதிரி ஓடி வரக்கூடாதுன்னு கட்டின வழி இது. களைச்சுப் போனவனை மேலேயிருந்து அடிக்கிறது சுலபம். அந்த டிசைன் இன்னிக்கும் வேலை செய்யுது. எதிரி நாங்கதான்.

நடுவுல ஒரு குரங்கு கோஷ்டி. கண் இமைக்கிற நேரத்துல ஹவாய் கையில இருந்த கேரி பேக் காலி. அதுலதான் பிஸ்கட், குளுக்கோஸ், ஆரஞ்சுப் பழம் எல்லாம். பாறை மேல உட்கார்ந்து எங்க கண் முன்னாடியே பிரிச்சு, குளுக்கோஸை மோந்து பார்த்துட்டுக் கீழே கொட்டிச்சு. சிரிச்சுட்டு நடந்தோம். மிச்சம் இருந்தது அஞ்சு பேருக்கு மூணு லிட்டர் பாட்டில் தண்ணி. அதுல ஒண்ணு பாதி.

கமலக்கண்ணி அம்மன் கோயில் வந்தப்போ மணி பதினொண்ணு. சைலன்ட் ரொம்பப் பின்னாடி வந்துக்கிட்டிருந்தான். கேப்டன் மேலேயிருந்து "டேய், பொணத்தைத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றே!"ன்னான். நாங்களும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன், அதைச் சொல்லிடறேன்.

அவன் வந்து கோயில் பக்கத்து நிழல்ல உட்கார்ந்தான். "நீங்க போங்கடா. நான் இங்கயே இருக்கேன்."

"நிஜமாவா?"

"ம். போயிட்டு வாங்க."

"அரை மணி நேரம்டா, வந்துடறோம்."

அவ்வளவுதான் பேச்சு. காலையில அவன் சாப்பிடலை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து எங்க சர்வே ரெக்கார்டை முடிச்சுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மெஸ்ஸுக்குப் போகாமயே ஓடி வந்திருக்கான். இது எங்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தாத்தானே தெரியும்! தண்ணி பாட்டில் மூணும் கேப்டன் பையில இருந்தது. ஒண்ணை வெச்சுட்டுப் போகணும்னு நாலு இன்ஜினீயர் மூளையில ஒண்ணுக்குக்கூடத் தோணலை. அவனும் கேக்கலை. அவன்தான் சைலன்ட்டாச்சே.

உச்சியில் ரெண்டு மிஸ்டு கால்

கோயிலுக்கு மேலேதான் ராஜகிரி தன் ராஜ வேலையைக் காட்டும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், நடுவுல படி, வாசலுக்கு மேல் வாசல். நிழல் சுத்தமா கிடையாது. பாறையில கை வெச்சா தோசைக்கல். காத்து வந்தா அதுவும் சூடு. ஹவாயோட ஹவாய் செருப்பு வார் அறுந்து, ஒரு கால்ல கைக்குட்டையைச் சுத்திக்கிட்டு ஏறினான்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி மலையே ரெண்டா பிளந்து நிக்குது. கீழே பார்த்தா வயிறு கலங்கும் ஆழம். மேலே ஒரு பாலம். அந்தக் காலத்துல இந்தப் பாலத்தை எடுத்துட்டா முடிஞ்சுது கதை, எவனும் அந்தப் பக்கம் வர முடியாது. உச்சியில விரல் விட்டு எண்ணுற ஆளு இருந்தாக்கூட ஒரு படையை நிறுத்தலாம்.

பாலத்தைத் தாண்டினா ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. மழைத்தண்ணியைத் தேக்கி வைக்கிற குளங்களும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காத்தும் அந்தக் காட்சியும்! எதிரே கிருஷ்ணகிரி, இந்தப் பக்கம் சந்திரகிரி, நடுவுல பொம்மை மாதிரி பஸ் போகிற ரோடு, பச்சைக் கட்டம் கட்டமா வயல். மதில் ஒரு மலைப்பாம்பு மாதிரி மலை ஏறி இறங்குது.

12.10-க்கு பீரங்கி மேல கை வெச்சு போட்டோ எடுத்தேன். 'செஞ்சியை ஜெயிச்சாச்சு!'ன்னு ஸ்டேட்டஸ் போட மொபைலைப் பார்த்தா ரெண்டு மிஸ்டு கால். 12.04. 12.07. ரெண்டும் சைலன்ட்.

'எங்கடா இருக்கீங்க'ன்னு கேக்கத்தான் பண்ணியிருப்பான், இறங்கித்தானே போறோம்னு விட்டுட்டேன். ஸ்டேட்டஸைப் போட்டேன். இன்னும் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். கடைசித் தண்ணியை நாலு பேரும் மாத்தி மாத்திக் குடிச்சு முடிச்சோம்.

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசறவன் மூணு நிமிஷத்துல ரெண்டு தடவை போன் பண்ணியிருக்கான். அதுக்கு என்ன அர்த்தம்னு அப்போ எனக்குத் தோணலை.

அந்த இருபது நிமிஷம்

கமலக்கண்ணி அம்மன் கோயிலுக்கு இறங்கி வந்தப்ப மணி ஒண்ணு இருபது. அரை மணி நேரம்னு சொல்லிட்டுப் போனவங்க ரெண்டேகால் மணி நேரம் கழிச்சு வர்றோம். நிழல் இருந்துச்சு. சைலன்ட் இல்லை.

"கீழ போயிருப்பான்" என்றான் ஹவாய். போன் அடிச்சோம். சுவிட்ச்டு ஆஃப். கேப்டன் கீழே ஓடினான். நானும் கூகுளும் பேரைச் சொல்லிக் கத்தினோம். பாறையில பட்டு எங்க குரலே திரும்பி வந்துச்சு. மலையில ஒரு ஆளைத் தேடறது எவ்வளவு கஷ்டம்னு அப்போதான் தெரிஞ்சது. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாடியும் இன்னொரு பாறை. ஒவ்வொண்ணும் ஒரு ஆள் மறையிற சைஸ். பள்ளத்தை எட்டிப் பார்க்கவே பயமா இருந்துச்சு. அவங்க அம்மா போன் நம்பர் என்கிட்ட இல்லைங்கறது ஞாபகம் வந்துச்சு. இருந்தா மட்டும் என்ன சொல்றது?

அப்போ கோயிலுக்கு வந்திருந்த ஒரு குடும்பத்துச் சின்னப் பையன் ஓடி வந்தான். "அண்ணா, அந்தப் பாறைக்குப் பின்னால ஒரு அண்ணன் படுத்திருக்காரு. எங்க ஆயா கூப்புடுது."

படியை விட்டு இருபது முப்பது அடி உள்ளே. ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு துண்டு நிழல். அங்கே சைலன்ட். முகம் வெளுத்து, சட்டை தொப்பலா நனைஞ்சு. தொட்டா உடம்பு ஜில்லுன்னு இருக்கு. பக்கத்துல வாந்தி எடுத்திருந்தான். ஒரு பாட்டி அவன் தலையை மடியில வெச்சுக்கிட்டு, ஈர முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. கையில ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல உப்புப் போட்ட மோர்.

"மடக் மடக்குன்னு குடிக்காத சாமி. கொஞ்சம் கொஞ்சமா."

அப்புறம் எங்களை நிமிர்ந்து பார்த்தாங்க. திட்டலை. மெதுவாத்தான் கேட்டாங்க.

"ஏம்பா, ஒண்ணா வந்தவன வுட்டுட்டு மேல போயி இன்னாத்த கண்டீங்க?"

நாலு பேரும் தரையைப் பார்த்தோம்.

நாங்க வர லேட்டானதும், "இவன் ஒருத்தனாலதான் லேட்டு"ன்னு நாங்க சொல்லிடுவோமோன்னு சைலன்ட் தானே மெதுவா மேலே ஏறப் பார்த்திருக்கான். தலை சுத்தியிருக்கு. ரெண்டு தடவை எனக்கு போன். எடுக்கலை. அப்புறம் பேட்டரி காலி. நிழலைத் தேடிப் பாறைக்குப் பின்னாடி போய்ப் படுத்திருக்கான். அந்தப் பாட்டி அந்தப் பக்கம் வரலைன்னா? அந்தக் கேள்வியை இப்பவும் முழுசா கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

முக்கால் மணி நேரம் நிழல்ல வெச்சிருந்து, கேப்டனும் நானும் ஆளுக்கொரு தோள் கொடுத்துக் கீழே இறக்கினோம். ரெண்டு ரெண்டு படியா தாவுற கேப்டன் அன்னிக்கு ஒவ்வொரு படியிலயும் ரெண்டு கால் வெச்சு இறங்கினான். கீழே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏத்தினாங்க. டாக்டர் சொன்னது: "இது வெப்பத் தளர்ச்சி. கேட்டதுக்குச் சரியா பதில் சொல்றான், அதனால பொழச்சீங்க. உளற ஆரம்பிச்சிருந்தா அது வேற கதை."

சாயந்தரம் அவங்க அம்மா போன் பண்ணினாங்க. சைலன்ட் பேசினதை நான் பக்கத்துல நின்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா. வெயிலு. பசங்க நல்லா பாத்துக்கிட்டாங்க."

எங்களைக் காட்டிக் கொடுக்கலை. அதுதான் தாங்க முடியலை. அன்னிக்கு ராத்திரி ஸ்டேட்டஸை அழிச்சேன். 43 லைக் வாங்கியிருந்துச்சு.

கணக்கு எங்கே தப்பாச்சு?

ரெண்டு நாள் யோசிச்சேன். கோட்டை கட்டினவங்க மொதல்ல போட்ட கணக்கு தண்ணிக் கணக்கு. சுனை எங்கே, குளம் எங்கே, உச்சியில எவ்வளவு தேங்கும், களஞ்சியத்துல எத்தனை நாளைக்கு நெல்லு. மதிலும் பீரங்கியும் அதுக்கு அப்புறம்தான். அதனாலதான் எட்டு வருஷம் தாக்குப் பிடிச்சாங்க. எட்டு மணி நேரத்துக்கு வந்த எங்ககிட்ட மூணு பாட்டில். அதுவும் தேவைப்படறவன்கிட்ட இல்லை.

இன்னொண்ணு. அஞ்சு பேர் போனா, அந்தக் குழுவோட வேகம்ங்கறது கடைசியில வர்றவனோட வேகம். முன்னாடி போறவன் ஸ்பீடு வெறும் அவன் ஸ்பீடு. கிரிட்டிக்கல் பாத்னு புராஜெக்ட் மேனேஜ்மென்ட்ல படிச்சோமே, அதே சங்கதி. நெட்வொர்க் டயகிராம் போட்டு மார்க் வாங்கத் தெரிஞ்சவனுக்கு, அதைப் படியில பார்க்கத் தெரியலை.

நீங்க போறதா இருந்தா, நாங்க கொடுத்த விலையில வாங்கின டிப்ஸ் இதோ, ஃப்ரீயா:

* கேட் திறந்ததும் ஏறுங்க. கல்யாண மகால் எங்கேயும் ஓடாது, இறங்கி வந்து பாருங்க. மதியம் தாண்டினா ராஜகிரி ஏற விடமாட்டாங்க, கேட்லயே கேட்டுக்குங்க. மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் வேண்டவே வேண்டாம்.

* தலைக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. அவங்கவங்க பாட்டில் அவங்கவங்க முதுகுல. கையில கேரி பேக் வேண்டாம், குரங்கோட சொத்து அது.

* ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ரெண்டு வெச்சுக்குங்க. இல்லைன்னா வீட்டுலயே ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிப் போட்டுக் கரைச்சு எடுத்துக்குங்க.

* தலை சுத்தல், குமட்டல், தலைவலி, ஜில்லுன்னு வேர்வை வந்தா அதுதான் அலாரம். நிழல்ல படுக்க வெச்சு, காலைக் கொஞ்சம் உசத்தி, ஈரத்துணியால துடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் கொடுங்க. உளறினாலோ, உடம்பு நெருப்பா கொதிச்சாலோ, மயங்கினாலோ வாயில எதுவும் ஊத்தாதீங்க. உடம்பு முழுக்க தண்ணி ஊத்திக் குளிர வெச்சுக்கிட்டே 108-க்கு அடிங்க.

* ஷூ போடுங்க. (ஹவாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டிப்ஸ் இது!)

* ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனையும் "சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க. நம்ம ஊர்ல தினமும் கேக்கற கேள்விதான். அன்னிக்கு மட்டும் கேக்க மறந்துட்டோம்.

* யாரையும் விட்டுட்டு மேலே போகாதீங்க. "நீங்க போங்க"ன்னு அவனே சொன்னாலும்.

மறுபடியும்...

இதை எழுதலாமான்னு சைலன்ட்கிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சான். "எழுது. ஆனா நான் மேல பாக்கல. பாக்காம எப்படி முடிப்ப?"ன்னான். மொத்தம் எட்டு வார்த்தை. அன்னிக்கு முக்கால்வாசிக் கோட்டா காலி.

நவம்பர் மாசம், மழை விட்ட ஒரு ஞாயித்துக்கிழமை மறுபடி போனோம். கேட் திறக்கும்போதே நாங்க அங்கே. வயித்துல பொங்கல், முதுகுல தண்ணி. இந்தத் தடவை சைலன்ட் முன்னாடி, கேப்டன் கடைசி. அவன் நின்னா எல்லாரும் நின்னோம். அவன் உட்கார்ந்தா எல்லாரும் உட்கார்ந்தோம். யாரும் மணி பார்க்கலை. கமலக்கண்ணி அம்மன் கோயில்ல கால் மணி நேரம் இருந்தோம். அந்தப் பாட்டி இருக்காங்களான்னு என் கண்ணு தேடுச்சு. இல்லை.

பாலத்தைத் தாண்டி உச்சிக்கு வந்ததும் சைலன்ட் பீரங்கி பக்கத்துல போய் நின்னான். கிருஷ்ணகிரியைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். வயலைப் பார்த்தான். நாங்க நாலு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தோம்.

ரெண்டு நிமிஷம் கழிச்சுத் திரும்பினான்.

"இதுக்காடா என்ன வுட்டுட்டு வந்தீங்க?"

அப்புறம் சிரிச்சான். அவன் சிரிச்சப்புறம்தான் நாங்க சிரிச்சோம்.

அன்னிக்கும் ஒரு போட்டோ எடுத்தோம். அதுல அவன் நடுவுல இருக்கான். ஸ்டேட்டஸ் போடலை.